ஸ்பிரிங்பாக் ஜெர்சிக்கு எந்த வழி? தென்னாப்பிரிக்காவில் ரக்பிக்குப் புதிதாக வரும் குடும்பங்களுக்கு

1995 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் களமிறங்கிய தென்னாப்பிரிக்காவின் 15 பேரில் வெள்ளையர் அல்லாதவர் ஒரே ஒருவர்: செஸ்டர் வில்லியம்ஸ். 2007 இறுதி ஆட்டத்தில் இரண்டு பேர். 2019-ல் ஆறு பேர், கேப்டன் சியா கோலிசியையும் சேர்த்து. மக்கள்தொகையில் வெள்ளையர்கள் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத நாடு இது. கணக்கு ஏன் இவ்வளவு மெதுவாக நகர்ந்தது என்று கேட்டால், "அவர்களுக்கு ரக்பி புதிது" என்று சிலர் இன்னும் சொல்வார்கள். சுத்தப் பொய். இன்று கெபெர்ஹா என்று பெயர் மாறியிருக்கும் போர்ட் எலிசபெத்தில் கறுப்பினத்தவர் தங்கள் முதல் ரக்பி கிளப்பை 1887-லேயே தொடங்கிவிட்டார்கள். ஈஸ்டர்ன் கேப் மாகாணத்தின் மிஷன் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாக ஆடினார்கள். தேசிய அணிக்குள் நுழையத்தான் வழியில்லை. அந்த அணிக்குப் பெயர் ஸ்பிரிங்பாக்ஸ். எரோல் டோபியாஸ் அதன் முதல் வெள்ளையரல்லாத டெஸ்ட் வீரர், அதாவது சர்வதேச ஆட்ட வீரர், ஆனது 1981-ல். இனவாரியாகப் பிரிந்து கிடந்த ரக்பி சங்கங்கள் ஒன்றானது 1992-ல்.

இப்போது வாசல்கள் திறந்துதான் இருக்கின்றன. ஆனால் எந்த வயதில் எந்த வாசல், யாரைப் போய்க் கேட்பது என்பதெல்லாம் அப்பா, தாத்தா காலத்திலிருந்து ரக்பி ஆடும் வீடுகளுக்குத்தான் தெரியும். வீட்டில் யாருமே ஆடியிராத குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில், நீங்கள் எந்தக் கணக்கில் வருகிறீர்கள்?

தென்னாப்பிரிக்க ரக்பி சங்கத்துக்கு "மாற்றத் திட்டம்" என்று ஒன்று உண்டு. அணிகளிலும் பயிற்சியாளர்களிலும் வெள்ளையர் அல்லாதோரின் பங்கை உயர்த்த இலக்குகள் வைத்திருக்கிறார்கள். அரசும் சும்மா இருக்கவில்லை. இலக்குகளை எட்டவில்லை என்று 2016-ல் விளையாட்டு அமைச்சர் ரக்பி உட்பட நான்கு சங்கங்களுக்குச் சர்வதேசப் போட்டிகளை நடத்த விண்ணப்பிக்கும் உரிமையையே நிறுத்திவைத்தார். இந்தத் திட்டத்தில் "கறுப்பினத்தவர்" என்ற பொதுச் சொல்லுக்குள் ஆப்பிரிக்கர், "கலர்ட்" எனப்படும் கலப்பினத்தவர், இந்தியர் மூவரும் அடக்கம். அதற்குள் கறுப்பின ஆப்பிரிக்கரைத் தனியாகவும் எண்ணுவார்கள்.

நம் ஆட்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. 1860 முதல் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறி நடாலுக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்களான டர்பன் தமிழர்கள் இந்தக் கணக்கில் வருவார்கள். நேற்று சென்னையிலிருந்து ஜோகன்னஸ்பர்க் வந்த கணினித் துறைக் குடும்பம் வராது. நாட்டின் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம் பயனாளிகளை வரையறுக்கும்போது, பிறப்பாலோ வம்சாவளியாலோ குடிமக்களாக இருப்பவர்களையும், 27 ஏப்ரல் 1994-க்கு முன்பே குடியுரிமை பெற்றவர்களையும்தான் பெரும்பாலும் சொல்கிறது. அதனால் ஆடக் கூடாது என்று யாரும் தடுக்கப்போவதில்லை. இலக்குக் கணக்கை நம்பித் திட்டம் போடாதீர்கள், அவ்வளவுதான்.

டர்பன் என்றதும் ஒரு பெயர் நினைவுக்கு வருகிறது. இனப் பாகுபாடுள்ள விளையாட்டை எதிர்த்து 1973-ல் உருவான 'சாகோஸ்' அமைப்பின் செயலாளர் எம்.என். பத்தர், அந்த ஊர்க்காரர். "இயல்பற்ற சமூகத்தில் இயல்பான விளையாட்டு இருக்க முடியாது" என்பது அந்த அமைப்பின் முழக்கம். ரக்பியின் இனபேதமற்ற சங்கமும் அதனோடுதான் நின்றது. இன்று டர்பன் இந்தியர்கள் வீட்டில் கிரிக்கெட்டும் கால்பந்தும்தான் பேச்சு. ரக்பியின் கதவை உடைத்ததில் அவர்களுக்கும் பங்கு உண்டு என்பதைப் பேரப்பிள்ளைகளுக்கு யாராவது சொன்னால் நல்லது.

எட்டு முதல் பன்னிரண்டு வயது: கிளப்பைத் தேடுங்கள்

நாடு பல மாகாண ரக்பி சங்கங்களாக, அதாவது யூனியன்களாக, பிரிக்கப்பட்டிருக்கிறது. ஈஸ்டர்ன் புராவின்ஸ், பார்டர், வெஸ்டர்ன் புராவின்ஸ், போலண்ட், குவாசுலு-நடால், ப்ளூ புல்ஸ் என்று போகும் பட்டியல். நீங்கள் வசிக்கும் இடம் எந்த யூனியனுக்குள் வருகிறது என்று தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை. யூனியன் அலுவலகத்துக்குப் போன் செய்து இளையோர் வளர்ச்சிப் பிரிவைக் கேளுங்கள். அருகில் எந்தக் கிளப்பில் சிறுவர் அணி இருக்கிறது, எந்த ஆரம்பப் பள்ளியில் ரக்பி இருக்கிறது என்று சொல்வார்கள். பிள்ளையின் பள்ளியில் ரக்பியே இல்லை என்றாலும் மனம் தளர வேண்டாம். கோலிசி வளர்ந்தது ஸ்விடே என்ற டவுன்ஷிப்பில், அதாவது நிறவெறி ஆட்சி கறுப்பின மக்களை ஒதுக்கிவைத்த புறநகரில். அங்கே ஆப்பிரிக்கன் பாம்பர்ஸ் என்ற உள்ளூர்க் கிளப்பில்தான் அவர் தொடங்கினார். மாகாணத் தேர்வுக்கு அவர் போனபோது ஆடத் தகுந்த கால்சட்டை இல்லாமல் உள்ளாடையோடு ஆடினார் என்பது ஊரறிந்த கதை.

பணச் செலவு இந்த வயதில் அதிகமில்லை. பூட்ஸ், வாய்க்கவசம் இரண்டும் போதும். வாய்க்கவசத்தை மட்டும் இரவல் வாங்காதீர்கள். பிறப்புச் சான்றிதழின் நகலைக் கையோடு வைத்திருங்கள். வயதுப் பிரிவு ஆட்டங்களில் அதைக் கேட்காத இடமே இல்லை.

கிளப்பில் சேர்க்கும் முன் பயிற்சியாளரிடம் ஒரு கேள்வி: "பாக்ஸ்மார்ட் சான்றிதழ் இருக்கிறதா?" தேசியச் சங்கம் 2009-ல் தொடங்கிய பாதுகாப்புப் பயிற்சி அது. பயிற்சியாளர்களும் நடுவர்களும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். கேட்டதற்கு முகம் சுளிக்கிறவரிடம் பிள்ளையை விடாதீர்கள்.

பதின்மூன்று வயது: பள்ளி

உள்ளதைச் சொன்னால், மற்ற எல்லாப் படிகளையும் சேர்த்தாலும் இதற்கு ஈடாகாது. தென்னாப்பிரிக்க ரக்பி பள்ளிகளில்தான் நடக்கிறது. ப்ளூம்ஃபோன்டைனின் கிரே காலேஜ், கெபெர்ஹாவின் கிரே ஹை, ஸ்டெல்லன்போஷின் பால் ரூஸ், பார்ல் ஊரின் இரண்டு பெரிய பள்ளிகள், பிரிட்டோரியாவில் 'அஃபீஸ்' எனப்படும் ஆஃப்ரிகான்ஸ் ஆண்கள் பள்ளி என்று ஒரு சிறு வட்டத்திலிருந்துதான் ஆண்டுதோறும் பெரும்பங்கு வீரர்கள் வருகிறார்கள். ஈஸ்டர்ன் கேப்பின் டேல் காலேஜ், குயின்ஸ் காலேஜ், செல்போர்ன் ஆகியவற்றையும் மறக்கக் கூடாது. டேல், குயின்ஸ் இரண்டிலும் இன்று கறுப்பின மாணவர்களே மிகப் பெரும்பான்மை. அந்தப் பகுதியின் மொழியான இசிகோசா பேசும் பிள்ளை தன் மொழி காதில் விழும் இடத்தில் இருந்துகொண்டே பெரிய ரக்பி ஆடலாம். கேப்டவுனுக்கும் பார்லுக்கும் ஓடுவதற்கு முன் இவற்றைப் பாருங்கள் என்பது என் கருத்து.

கோலிசிக்குப் பன்னிரண்டு வயதில் கெபெர்ஹாவின் கிரே பள்ளியில் உதவித்தொகை கிடைத்தது. அந்தக் கதையைச் சொல்லும் எல்லாரும் அதிர்ஷ்டம் என்ற சொல்லோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நீங்கள் அதிர்ஷ்டத்துக்குக் காத்திருக்க வேண்டாம். செய்ய வேண்டியவை இவை.

எட்டாம் வகுப்புச் சேர்க்கைக்கு விண்ணப்பம் முந்தைய ஆண்டே முடிந்துவிடும். ஏழாம் வகுப்பு தொடங்கும் ஜனவரியிலேயே நான்கைந்து பள்ளிகளுக்கு எழுதிக் கேளுங்கள். ரக்பி உதவித்தொகை, படிப்பு உதவித்தொகை இரண்டையும் கேளுங்கள். விளையாட்டும் படிப்பும் சுமாராக நன்றாக இருக்கும் பிள்ளைக்கு இரண்டாவது வழியில் இடம் கிடைப்பதும் உண்டு.

பலர் அறியாத விஷயம்: மேலே சொன்ன பள்ளிகளில் பெரும்பாலானவை அரசுப் பள்ளிகள். கட்டணம் வாங்குகிற அரசுப் பள்ளி எதுவானாலும், வருமானம் குறைந்த பெற்றோர் கட்டண விலக்கு கேட்க நாட்டின் பள்ளிச் சட்டம் உரிமை தருகிறது. பள்ளியின் தயவை எதிர்பார்த்து நிற்க வேண்டியதில்லை. படிவம் வாங்கி, வருமானச் சான்றோடு எழுத்தில் கொடுங்கள், நகலில் கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால் மேல்முறையீடு உண்டு. ஆனால் இந்த விலக்கு விடுதிக் கட்டணத்துக்குப் பொருந்தாது. பல குடும்பங்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கின்றன. பள்ளிக் கட்டணம் இல்லை என்று மகிழ்ந்து சேர்த்துவிட்டு, விடுதிச் செலவு, சீருடை, வெளியூர்ப் பயணம், விடுமுறைக்கு வீட்டுக்கு வர பஸ் காசு என்று வரிசையாக வரும்போது திணறுவார்கள். உதவித்தொகைக் கடிதத்தில் எது அடக்கம், எது அடக்கமில்லை என்று வரி வரியாகப் படியுங்கள்.

அதே கடிதத்தில் இன்னும் இரண்டைத் தேடுங்கள். பிள்ளைக்குப் பெரிய காயம் பட்டு ஒரு வருடம் ஆட முடியாமல் போனால் உதவித்தொகை தொடருமா? ரக்பியில் தேறாவிட்டாலும் பள்ளியிறுதித் தேர்வு வரை படிக்க விடுவார்களா? இவற்றுக்குப் பதில் எழுத்தில் இல்லையென்றால் எழுதித் தரச் சொல்லுங்கள். வாய்ப்பேச்சில் "பார்த்துக்கொள்வோம்" என்பது போதாது.

மொழி பெரிய விஷயம். வீட்டில் இசிகோசாவோ ஜூலுவோ பேசிய பையன் திடீரென்று ஆங்கிலமோ ஆஃப்ரிகான்ஸோ மட்டும் ஒலிக்கும் விடுதியில் போய் விழுகிறான். கிரேயில் சேர்ந்தபோது தனக்கு ஆங்கிலம் தெரியாது என்று கோலிசியே பலமுறை சொல்லியிருக்கிறார். முதல் ஆறு மாதம் ரக்பியைப் பற்றிக் கேட்பதைவிட வகுப்பில் புரிகிறதா, சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா, அறையில் யாராவது சீண்டுகிறார்களா என்று கேளுங்கள். பாதியில் திரும்பி வருகிற பிள்ளைகள் ஆட்டம் வராமல் திரும்புவது குறைவு.

ஏணியின் படிகள்

பள்ளியில் கால் ஊன்றிவிட்டால் அடுத்து வருபவை ஓரளவு ஒழுங்கான வரிசை. 13 வயதுக்குட்பட்டோருக்கு ஆரம்பப் பள்ளிகளின் கிரேவன் வாரம். 16 வயதுக்குக் கிராண்ட் கோமோ வாரம். கறுப்பின ரக்பியின் முன்னோடி ஒருவரின் பெயர் அது. 18 வயதுக்குக் கிரேவன் வாரம், 1964 முதல் நடப்பது. அதில் இடம் கிடைக்காத அடுத்த நிலை வீரர்களுக்கு அகாடமி வாரம். எல்லாவற்றிலும் ஆடுவது பள்ளி அணிகள் இல்லை, மாகாண அணிகள். ஆகவே முதலில் மாவட்ட அளவிலும் பிறகு மாகாண அளவிலும் தேர்வு ஆட்டங்கள் (டிரையல்ஸ்) நடக்கும். கிரேவன் வாரம் குளிர்கால விடுமுறையில் வருவதால் டிரையல்ஸ் அதற்குச் சில வாரங்கள் முன்பே முடிந்துவிடும். பெரிய பள்ளிகளின் பையன்களைத் தேர்வாளர்கள் ஏற்கெனவே பெயர் சொல்லி அறிவார்கள். சின்னப் பள்ளிப் பையனுக்கு அந்த ஒரு நாள்தான். தேதி தெரியாமல் தவறவிடுவதைப் போன்ற அநியாயம் வேறில்லை. பிப்ரவரியிலேயே யூனியனிடம் தேதிகளைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

வசதி குறைந்த பகுதிகளின் பிள்ளைகளுக்கென்றே தேசியச் சங்கம் நடத்துவது இக்காவே வாரம், 15 வயதுக்குட்பட்டோருக்கு. உங்கள் பிள்ளை சின்னப் பள்ளியிலோ டவுன்ஷிப் கிளப்பிலோ ஆடுகிறான் என்றால், இதற்குப் பெயர் கொடுக்கும்படி பயிற்சியாளரை நச்சரியுங்கள். இங்கே கண்ணில் பட்ட பையன்களுக்குப் பெரிய பள்ளிகளிலிருந்து அழைப்பு வருவதுண்டு. அந்த அழைப்பு வந்தால் மேலே உதவித்தொகைக் கடிதம் பற்றிச் சொன்னதைத் திரும்ப ஒருமுறை படித்துக்கொள்ளுங்கள்.

கிரேவன் வாரம் முடிந்ததும் தென்னாப்பிரிக்கப் பள்ளிகள் அணி அறிவிக்கப்படும். தேசியச் சங்கத்தின் சிறப்பு வீரர் வளர்ச்சித் திட்டம் நடத்தும் முகாம்களும் உண்டு. அதற்கு மேல் 20 வயதுக்குட்பட்டோருக்கான ஜூனியர் ஸ்பிரிங்பாக்ஸ். 2012-லும் 2025-லும் உலகப் பட்டம் வென்ற அணி. அப்புறம் நான்கு பெரிய தொழில்முறை அணிகள்: புல்ஸ், லயன்ஸ், ஸ்டார்மர்ஸ், ஷார்க்ஸ்.

"கோட்டாவில் வந்தவன்"

மாகாண இளையோர் அணிகளுக்கும் இன இலக்குகள் உண்டு. அதனால் பிள்ளை தேர்வான அன்றே இந்த வசவு காதில் விழும். 2018 மே மாதம் முன்னாள் ஸ்பிரிங்பாக் ஆஷ்வின் வில்லெம்சே, நேரலையில் ஓடிக்கொண்டிருந்த தொலைக்காட்சி நிகழ்ச்சியிலிருந்து எழுந்து போனார். கோட்டா வீரன் என்று காலமெல்லாம் அழைக்கப்பட்டதைச் சொல்லிவிட்டுத்தான் போனார். தேசிய அணிக்கு ஆடி முடித்தவருக்கே அந்த நிலை என்றால் பதினாறு வயதுப் பையனுக்கு எப்படி இருக்கும்? வீட்டில் முன்கூட்டியே பேசிவிடுங்கள். நூறு ஆண்டுகளாக ஒரே ஒரு இனத்துக்கு மட்டும் நூறு சதவீத ஒதுக்கீடு இருந்ததே, அதை யாரும் கோட்டா என்று சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இதோடு ஒட்டிய நடைமுறைச் சிக்கல் ஒன்று. வேகமாக ஓடுகிற கறுப்பினப் பையனைப் பார்த்ததும் விங்கில், அதாவது களத்தின் ஓரத்தில், நிறுத்திவிடும் பழக்கம் நீண்ட நாளாக உண்டு. விங்கில் பந்து கைக்கு வந்தால்தான் ஆட்டம். தேர்வு நாளில் நாற்பது நிமிடம் பந்தே வராமல் நின்றுவிட்டுத் திரும்பிய பையன்கள் எத்தனையோ பேர். ஹூக்கர், ப்ராப், ஸ்க்ரம்-ஹாஃப் மாதிரி எப்போதும் ஆட்டத்தின் நடுவில் இருக்கும் இடம் ஒன்றையும் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். டென்டாய் முடவரிரா, போங்கி ம்போனாம்பி, ஆக்ஸ் ந்சே ஆகியோர், இரு அணியினரும் தோளோடு தோள் முட்டித் தள்ளும் ஸ்க்ரம்மின் முன்வரிசையில்தான் பெயர் வாங்கினார்கள். கேப் முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை சல்மான் மூராட் ஸ்க்ரம்மின் இரண்டாம் வரிசையான லாக் இடத்தில் ஆடுபவர். 2024-ல் தேசிய அணிக்கே கேப்டனாக இறங்கினார்.

பள்ளியில் தவறிவிட்டதா?

பதினெட்டு வயதில் எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லாதவர்களுக்காக இந்தப் பகுதியைக் கொஞ்சம் நீட்டுகிறேன்.

மகசோலே மபிம்பி ஈஸ்டர்ன் கேப்பின் ட்சோலோம்ன்கா என்ற கிராமத்துப் பையன். பெரிய ரக்பிப் பள்ளி எதிலும் படிக்கவில்லை. பார்டர் மாகாண அணி, அங்கிருந்து சதர்ன் கிங்ஸ், சீட்டாஸ் அணிகள் என்று மேலேறி 27 வயதில்தான் முதல் டெஸ்ட் ஆடினார். அடுத்த ஆண்டே உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் தென்னாப்பிரிக்கா அடித்த முதல் 'டிரை' (எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி பெறுவது) அவருடையது. அதற்கு முன் வென்ற இரண்டு இறுதி ஆட்டங்களிலும் அந்த அணி டிரையே அடித்ததில்லை.

பார்ல் ஊர்க்காரர் கர்ட்-லீ ஆரென்சே அந்த ஊரின் புகழ்பெற்ற ரக்பிப் பள்ளிகளுக்குப் போகாமல் பாலஸ் ஜூபெர்ட் பள்ளியில் படித்தார். பிறகு வெஸ்டர்ன் கேப் பல்கலைக்கழக அணி, அங்கிருந்து தேசிய செவன்ஸ் (ஏழு பேர் ஆடும் ரக்பி) அணி, அப்புறம் புல்ஸ். 2022-ல் ஸ்பிரிங்பாக். செஸ்லின் கோல்பேயும் செவன்ஸ் ஆடி 2016 ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கியவர். உருவம் சிறிது என்று உள்ளூரில் தயங்கினார்கள். 2017-ல் பிரான்ஸின் துலூஸ் கிளப்புக்குப் போய் அங்கே காட்டிய ஆட்டம் அடுத்த ஆண்டே தேசிய அணியின் கதவைத் திறந்தது.

ஆக, மூன்று பக்கவாசல்கள். ஒன்று மாகாணக் கிளப் ரக்பி. ஈஸ்டர்ன் கேப்பில் ஈஸ்டர் விடுமுறைப் போட்டிகளுக்கு ஊரே திரண்டு வரும். சிறிய மாகாண யூனியன்களின் ஆட்கள் அங்கே கண் வைத்திருப்பார்கள். இரண்டு, பல்கலைக்கழகம். பல்கலைக்கழக அணிகளுக்காக 2008-ல் தொடங்கிய வார்சிட்டி கப் ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் காட்டுகிறார்கள். அதில் இல்லாத கல்லூரியிலும் விடுதிகளுக்கிடையிலான ஆட்டம் உண்டு. அஃபிவே ட்யான்ட்யி பள்ளிக்காலத்தில் உருவம் சிறிது என்று ஒதுங்கி ரக்பியையே விட்டவர். ஜோகன்னஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மறுபடி தொட்டு, 2018-ல் உலக ரக்பியின் சிறந்த புதுமுகம் விருது வாங்கினார். மூன்று, செவன்ஸ். உடல் பருமனைவிட வேகமும் மூச்சும் முக்கியமான ஆட்டம். அதற்கான தேசிய அகாடமி ஸ்டெல்லன்போஷில் இருக்கிறது.

என்னைக் கேட்டால் பல்கலைக்கழக வழிதான் முதல் தேர்வு. காலில் தசைநார் கிழிந்தாலும் பட்டம் கையில் இருக்கும்.

பெண் பிள்ளைகள்

இவர்களுக்குப் பாதை புதிது. அதனால் கூட்டமும் குறைவு. பதினெட்டு வயதில் முதன்முதலாகப் பந்தைத் தொட்டுத் தேசிய அணிக்குப் போவது ஆண்களில் அரிது, பெண்களில் நடக்கிறது. கயலிட்ஷா டவுன்ஷிப்பைச் சேர்ந்த பபல்வா லட்ஷா வெஸ்டர்ன் கேப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கும்போதுதான் ரக்பிக்கு வந்தார். தேசிய அணியின் கேப்டன் ஆனார். 2020-ல் ஸ்பெயினின் எய்பார் கிளப்பில் சேர்ந்து, 15 பேர் ஆட்டத்தில் ஆப்பிரிக்காவின் முதல் தொழில்முறை வீராங்கனை ஆனார். மாகாண யூனியன்கள் நடத்தும் இளையோர் பயிற்சி மையங்களைக் கேளுங்கள். பெண் பிள்ளைகளுக்கான முதல் படி அதுதான். பிரிட்டோரியாவின் புல்ஸ் டெய்சீஸ் 2023-ல் முழுத் தொழில்முறை அணியாகிவிட்டது. 2025 உலகக் கோப்பையில் தேசிய மகளிர் அணி முதல்முறையாகக் காலிறுதிக்குப் போனது. மாத வருமானத்தோடு ஆடும் இடங்கள் இன்னும் விரல்விட்டு எண்ணும் அளவுதான், அதையும் தெரிந்துகொண்டே இறங்குங்கள்.

குடியேறி வந்தவர்களுக்கு

கடவுச்சீட்டு இருக்கிறதா என்று உலக ரக்பி பார்ப்பதில்லை. அந்த நாட்டில் பிறந்திருக்க வேண்டும். அல்லது பெற்றோரிலோ தாத்தா பாட்டியிலோ ஒருவர் அங்கே பிறந்திருக்க வேண்டும். அல்லது தொடர்ந்து 60 மாதங்கள் அங்கே பதிவுபெற்று ஆடியிருக்க வேண்டும். அல்லது மொத்தமாகப் பத்து ஆண்டுகள் வாழ்ந்திருக்க வேண்டும். எனவே கிளப்பில் சேர்ந்த தேதியை யூனியனில் முறையாகப் பதிந்துவையுங்கள். மாத எண்ணிக்கை அதைத்தான் நம்பியிருக்கிறது.

உடம்பு

விடுதிகளில் தசை வளர்க்கும் பொடியும் மாத்திரையும் கைமாறும். உருவம் பெரிதானால்தான் தேர்வாளர் பார்ப்பார் என்ற பயம்தான் அதற்குச் சந்தை. கிரேவன் வாரத்தில் ஊக்கமருந்துச் சோதனை உண்டு. பள்ளி மாணவர்களே சிக்கியிருக்கிறார்கள். மேலே சொன்ன ட்யான்ட்யி 2019-ல் சோதனையில் சிக்கி நான்கு ஆண்டு தடை பெற்றார், அதோடு அந்த உலகக் கோப்பையும் போனது. முட்டை, பீன்ஸ், பால், சோறு, தூக்கம் இவற்றுக்கு மேல் எதுவும் வேண்டுமென்று யாராவது சொன்னால், என்ன பெயர், யார் விற்றது என்று எழுதி வாங்கி மருத்துவரிடம் காட்டிய பிறகுதான் வாயில் வைக்க வேண்டும்.

தலையில் அடிபட்டுக் கண் மங்கினாலோ, பேச்சு தடுமாறினாலோ, அன்று ஆட்டம் முடிந்தது. அடுத்த வாரம் டிரையல்ஸ் இருந்தாலும் சரி. மருத்துவர் எழுதித் தராமல் களத்துக்குத் திரும்ப விடாதீர்கள். பயிற்சியாளர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

கையெழுத்து

பதினாறு, பதினேழு வயதில் நன்றாக ஆடினால் முகவர்கள் வீடு தேடி வருவார்கள். பூட்ஸ், போன், அம்மாவுக்கு மளிகை என்று ஆரம்பிக்கும். ஏழை வீடுகளில் இதை மறுப்பது கடினம் என்பது அவர்களுக்கும் தெரியும். எதையாவது வாங்கிக்கொண்டால் அது பரிசா, பின்னால் கழித்துக்கொள்ளும் கடனா என்று எழுத்தில் கேளுங்கள். ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டு, முகவரின் பங்கு எத்தனை சதவீதம், காயம் பட்டால் மருத்துவச் செலவு யாருடையது, படிப்புக்கு நேரம் உண்டா என்று நான்கையும் பாருங்கள். முகவர் முறையாகப் பதிவு பெற்றவரா என்று தேசியச் சங்கத்தில் விசாரிக்கலாம். தொழில்முறை வீரர்களுக்கு 'மைபிளேயர்ஸ்' என்ற சொந்த அமைப்பு இருக்கிறது. பையன் முதல் ஒப்பந்தம் போடும் நாளில் அதன் கதவையும் தட்டுங்கள். அன்றைக்கே கையெழுத்துப் போட்டாக வேண்டும் என்று அவசரப்படுத்துபவரிடம், தாளை வைத்துவிட்டுப் போங்கள், படித்துவிட்டுச் சொல்கிறோம் என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.